போதை என்று பெயர் வைத்தார்கள்

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. தீர்ந்த பிறகு நிதானமாக எழுதலாமே என்றார் கணவர். தீர்ந்துவிட்டால் நான் எழுத மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் இப்போதே எழுதுகிறேன்.

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வதை மலாயில் சொல்வேன். மாஜிஸ்திரேட் மலாயில் கேட்பதைத் தமிழில் கேட்பேன். வழக்கறிஞர்கள் ஆங்கிலத்துக்குத் தாவினால் நானும் கூடவே தாவ வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாக இதுதான் என் பிழைப்பு. என் சொந்தச் சொல் என்று ஒன்றைக்கூட அங்கே சேர்க்கக் கூடாது. மூன்று மொழிகளும் எனக்குள் தனித்தனியாக இருந்தன, கூப்பிட்டால் கூப்பிட்டது வரும். அப்படி இல்லாமலும் போகலாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், பல வருடமாக உண்டு. ஒருமுறை வயிற்றை ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு இருக்கிறது என்றார்கள். "எல்லாருக்கும் இருக்கு ஆன்டி, கொஞ்சம் நடங்க" என்றார் கிளினிக் டாக்டர். நடந்தேன். பிறகு கால் வீங்கியது, வயிறு உப்பியது, ஆஸ்பத்திரியில் மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள். இந்த முறை சிரோசிஸ் என்றார்கள். ஈரல் முழுக்கத் தழும்பேறி, இறுகி, சுருங்கிப்போவதற்கு அந்தப் பெயர்.

பெயரைச் சொல்வதற்கு முன்பே அங்கிருந்த டாக்டர் கேட்ட கேள்வி, "குடிப்பீங்களா?"

இல்லை என்றேன். என் பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடி கேட்டார். இல்லை என்றேன். என் கணவர் டேவிட்டை வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி மூன்றாவது முறை கேட்டார். வீட்டுக்காரர் முன்னால் சொல்ல வெட்கமாக இருந்தால் இப்போது சொல்லலாமாம். சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தே ஈரலை இந்த நிலைக்குக் கொண்டுவரும் என்பது அவர் படித்த பாடத்தில் இருந்திருக்கும். ஆனால் ஈரல் கெட்ட தமிழரைப் பார்த்ததும் அவருக்குச் சாராயப் பாட்டில்தான் ஞாபகம் வந்தது.

அதே இடத்தில்தான் ஒருவர் போகிற போக்கில் சொன்னார், புரதத்தைக் குறையுங்கள், கெட்ட ஈரலால் அதைத் தாங்க முடியாது என்று. யார் சொன்னது என்று இன்று எனக்கு முகம்கூட நினைவில்லை. அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

டேவிட்டின் அக்கா ஸ்டெல்லா பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார். செய்தி கேட்டதும் பையோடு கிளம்பிக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முதல் வேலையாகக் குளிர்பெட்டியைத் திறந்து முட்டை, மீன், கோழி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். பருப்பு போனது. தௌஹு என்கிற சோயாக் கட்டிகூடப் போனது. எனக்குக் கஞ்சி, பூசணிக்காய், பீர்க்கங்காய், மறுநாளும் கஞ்சி. ஒவ்வொரு வேளையும் தட்டை வைத்துவிட்டுக் கண்ணை மூடி எனக்காக ஜெபிப்பார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே இருப்பார். என்னை என் வீட்டில் எல்லோரும் அன்பாகத்தான் பட்டினி போட்டார்கள்.

உடம்பு இளைத்தது. வயிறு மட்டும் அப்படியே இருக்க, கையும் தொடையும் கரைந்தன. நாற்காலியில் உட்கார்ந்தால் எலும்பு குத்தியது. சர்ச்சில் பார்த்தவர்கள் ஸ்லிம்மாகிவிட்டேன் என்று பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகு தூக்கம் தலைகீழானது. பகலில் வேலையிடத்தில் கண் சொருகும், இரவில் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். எங்கள் வீட்டு நம்பரையே மறந்தேன். எதற்கென்று தெரியாமல் மகள் பிரியாவிடம் எரிந்து விழுந்தேன். வயசு, அதுதான் என்றார்கள். பக்கத்துக் கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். ஈரல் நோய் இருக்கிறது என்று சொல்லித்தான் வாங்கினோம். தலையாட்டிக்கொண்டே எழுதிக் கொடுத்தார் அந்த டாக்டர். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு அந்த வகை மாத்திரை மூளையை இன்னும் அமுக்கிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவதில் பாதி எனக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொன்னதைச் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அன்று ஒரு விபத்து வழக்கு. சாட்சி, லோரி பின்னால் வந்து இடித்தது என்று தமிழில் சொன்னார். நான் மாஜிஸ்திரேட்டைப் பார்த்து அதையே தமிழில் சொன்னேன். அவர் புரியாமல் பார்த்தார். நான் குரலை உயர்த்தி மறுபடி தமிழிலேயே சொன்னேன். மலாயில் சொல்லிக்கொண்டிருப்பதாகத்தான் எனக்கு நினைப்பு. பிறகு சிரித்தேனாம். மேசையைப் பிடித்தபடி அப்படியே சாய்ந்தேனாம். பின்வரிசையில் யாரோ "மாபோக்" என்றார். குடித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை.

என்னைக் கைத்தாங்கலாகக் கோப்புகள் வைக்கும் அறைக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். மின்விசிறியைப் போட்டுவிட்டு, ஒரு பாட்டில் தண்ணீரை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். தூங்கி எழட்டும், தெளிந்துவிடும் என்றார் எங்கள் மேலதிகாரி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் நான் தெளியவில்லை. அப்போதுதான் டேவிட்டை அழைத்தார்கள். ஆம்புலன்ஸ் வேண்டாம், பின்வாசல் வழியாகக் கூட்டிப் போங்கள், யாரும் பார்க்காமல் இருக்கட்டும் என்றார்களாம். அதை எனக்குச் செய்த உதவியாக அவர்கள் நினைத்தார்கள்.

டேவிட் லோரி டிப்போவில் மேற்பார்வையாளர். குடித்துவிட்டு வண்டியெடுக்க வருகிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்தவர். என் முகத்தருகே குனிந்தார். சாராய வாடை இல்லை. வேறு ஏதோ, பழம் அழுகியது போன்ற ஒரு வாடை இருந்தது என்றார். நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓட்டினார்.

அங்கேயும் முதல் கேள்வி அதுதான். டேவிட் பதிலைக் கத்திச் சொன்னதாகப் பிரியா பிறகு சொன்னாள். அவர் கத்தி நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கிற நிலையில் நான் இல்லை.

ஒரு டாக்டர் என் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, மணிக்கட்டை மேலே மடக்கச் சொன்னார். கைகள் நிற்காமல் விழுந்து விழுந்து எழுந்தன. என்ன மாதம் என்று கேட்டதற்குப் பிரியாவின் பெயரைச் சொன்னேனாம். பிறகு அதுவும் இல்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டு லாக்டுலோஸ் என்ற இனிப்பு மருந்தை இறக்கினார்கள். குடலைக் கழுவிவிடும் மருந்து அது. பின்பக்கமாகவும் ஏற்றினார்கள். மானம் மரியாதை எல்லாவற்றையும் அந்தக் கட்டிலில் விட்டுவிட்டுத்தான் நான் திரும்பி வந்தேன்.

விழித்தபோது பகல். வார்டில் ஒரு மிஸ்ஸி, நர்ஸைத்தான் இங்கே அப்படிக் கூப்பிடுவோம், மலாயில் ஏதோ கேட்டார். அவர் மலாயில் பேசுகிறார் என்பது புரிந்தது. என்ன பேசுகிறார் என்பது புரியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. எனக்குச் சோறு போட்ட மொழி அது. தமிழில் தண்ணீர் கேட்டேன். நல்லவேளை, அந்தச் சொல் இருந்தது.

மருந்து வேலை செய்யச் செய்ய மலாய் திரும்பியது. ஆங்கிலம் கடைசியாக வந்தது. ஈரல் பிரிவின் நிபுணர் டாக்டர் நூர் வந்து, ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும் என்று கேட்டார். எந்த மொழியிலும் சொல்லலாம் என்றார். நாய், பூனை, மாடு என்றேன். மறுபடி நாய். ஆட்டை என் மனக்கண்ணால் பார்க்கிறேன், பெயர் வரவில்லை. மூன்று மொழிகளில் ஒன்றிலும் வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இது பைத்தியமும் இல்லை, வயதும் இல்லை, ஹெப்பாடிக் என்செபலோபதி என்றார். ஈரல் செயலிழப்பதால் மூளை கலங்கிப்போகும் நிலை.

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். நாம் சாப்பிடும் புரதம் உடலில் அமினோ அமிலங்கள் என்ற சின்னத் துண்டுகளாக உடைகிறது. குடலில் அம்மோனியா என்ற நஞ்சும் உண்டாகிறது. நல்ல ஈரல் அந்த நஞ்சை மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஈரல் கெட்டால் அந்த வேலையில் ஒரு பங்கைத் தசை எடுத்துக்கொள்கிறது. அதற்காகத் தசை சில அமினோ அமிலங்களைச் செலவழிக்கிறது. லியூசின், ஐசோலியூசின், வாலின் என்று மூன்று. அவை ரத்தத்தில் குறைந்துபோகின்றன. இன்னொரு வகை இருக்கிறது, டைரோசின், ஃபீனைலலனின், டிரிப்டோபான் போன்றவை. அவற்றை ஈரல்தான் கரைக்க வேண்டும். கெட்ட ஈரல் கரைக்காது. அவை ரத்தத்தில் பெருகுகின்றன.

இந்த இரண்டு கூட்டமும் மூளைக்குள் நுழைவது ஒரே வாசல் வழியாக. "ஸ்டேஷன் கேட் மாதிரி" என்றார் டாக்டர் நூர். முதல் கூட்டம் குறைந்துவிட்டதால் இரண்டாவது கூட்டம் இடித்துக்கொண்டு உள்ளே போகிறது. போனவை மூளை நரம்புகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ரசாயனங்களைக் குழப்பிவிடுகின்றன. நரம்புகளுக்கிடையே பொய்த் தகவல் ஓடுகிறது. அம்மோனியாவும் சேர்ந்து மூளைச் செல்களை வீங்க வைக்கிறது. இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்களாம். அவர் அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது.

பிறகு என் தொடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். கஞ்சியும் பூசணியும் என்றேன். எவ்வளவு நாளாக என்றார். பல மாதமாக என்றார் டேவிட்.

புரதத்தை நிறுத்தச் சொல்வது பழைய பழக்கம், கைவிட்டு வெகுகாலமாகிறது என்றார். சாப்பிடாவிட்டால் உடம்பு தன் தசையையே தின்னும். ஈரல் கைவிட்ட பிறகு அம்மோனியாவைச் சமாளித்துக்கொண்டிருந்த தசையைத்தான் நான் கஞ்சி குடித்துக் கரைத்திருக்கிறேன். அன்றிலிருந்து எனக்கு முட்டை, மீன், பருப்பு, பால். படுப்பதற்கு முன் கட்டாயம் ஒரு சிற்றுண்டி. குறைந்துபோன அந்த மூன்று அமினோ அமிலங்களும் உள்ள மாவு ஒன்றைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். ஈரச் சுவரை நக்கியது போலக் கசந்தது. குடித்தேன்.

அடுத்த கட்டிலில் லெட்சுமி அக்கா இருந்தார். கேரி தீவில் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவருக்கும் அதே நோய், அதே கலக்கம். அவரிடம் "குடிப்பீங்களா" என்று கேட்டபோது ஆமாம் என்றிருக்கிறார். அதற்குப் பிறகு யாரும் அவரிடம் வேறெதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. மகன் ஒருவன் இருந்தான், வேலை முடிந்து எப்போதாவது வருவான்.

ஒருநாள் புதிதாக வந்த ஒரு மிஸ்ஸி என்னிடம் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்டார். பிரியா ரவாங்கில் தொழிற்சாலை வேலையிலிருந்து கொமுட்டர் ரயிலேறி அலுத்துப்போய் அப்போதுதான் வந்திருந்தாள். பொறுமை போய்விட்டது.

"எங்கம்மா வாழ்க்கையில குடிச்சதே இல்ல மிஸ்ஸி. சர்ச்சுல கூட எங்களுக்குத் திராட்சை ஜூஸ்தான். மத்தவங்க மாதிரி இல்ல லா அவங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகம் அடுத்த கட்டிலின் பக்கம் ஒரு கணம் திரும்பியது.

மிஸ்ஸி போன பிறகு லெட்சுமி அக்கா கூரையைப் பார்த்தபடி பேசினார். குரலில் சண்டை இல்லை.

"நான் குடிச்சேன் தங்கச்சி. இல்லன்னு சொல்லல. புருஷன் செத்தப்ப ஆரம்பிச்சது. அதுக்காக எனக்குச் சோறு போட மாட்டாங்களா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவருடைய தட்டைப் பார்த்தேன். கஞ்சி, வெந்த சவிக்கீரை. என் தட்டில் அவித்த முட்டை இரண்டு, ஒரு துண்டு கெம்போங் மீன். ஒரே வார்டு, ஒரே நோய்.

மறுநாள் டாக்டர்கள் கூட்டமாகச் சுற்றி வந்தபோது நான் எழுந்து உட்கார்ந்தேன். நீதிமன்றத்தில் பேசும் குரலில், சுத்தமான மலாயில் கேட்டேன். பக்கத்துக் கட்டில் நோயாளிக்கும் எனக்கும் ஒரே நோய்தானே, சாப்பாடு ஏன் வேறு? மொழி எனக்கு முழுதாகத் திரும்பிவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த மகிழ்ச்சியை அனுபவிக்கக்கூடக் கோபம் விடவில்லை. டாக்டர் நூர் விசாரித்தார். லெட்சுமி அக்காவை முதலில் சேர்த்திருந்த வேறொரு வார்டில் யாரோ சொன்ன உணவு முறை, இங்கே வந்த பிறகும் மாற்றப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டார் யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் டேவிட் இருந்தார், பிரியா இருந்தாள், கத்தினார்கள்.

மதியம் அவருக்கு முட்டை வந்தது. உரித்து, உப்புத் தொட்டு, மெதுவாகச் சாப்பிட்டார். பிரியா எழுந்துபோய் அவர் கட்டிலருகே நின்று மன்னிப்புக் கேட்டாள். "ஒங்கம்மாவ நல்லா பாத்துக்க" என்று மட்டும் சொன்னார் அவர்.

வீடு திரும்பியதும் ஸ்டெல்லா அக்காவிடம் நான் கத்தினேன். என்னைக் கொல்லப் பார்த்தீர்கள் என்றே சொன்னேன். அவர் சமையலறையில் நின்று அழுதார். "எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா எஸ்தர்? ஆஸ்பத்திரியில சொன்னதத்தானே செஞ்சேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் என் கோபம் உடனே இறங்கவில்லை. அவரும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குத் திரும்பிப் போகவில்லை. அடுத்த நாள் காலை பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தார். இப்போது தினமும் நான் படுக்கப்போகும் முன் ரொட்டியில் கடலை வெண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டுத்தான் தூங்குகிறார். ஜெபம் பழையபடியே நடக்கிறது. நாங்கள் அந்தச் சண்டையைப் பற்றி மறுபடி பேசியதில்லை.

லாக்டுலோஸ் குடிப்பதால் ஒரு நாளில் பலமுறை கழிப்பறைக்கு ஓட வேண்டும். வெளியே கிளம்பினால் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்க்கிறேன். மாவையும் குடிக்கிறேன். கைக்கு எடை கட்டி உடற்பயிற்சி செய்கிறேன். தொடையில் சதை கொஞ்சம் திரும்பியிருக்கிறது. ஈரல் திரும்பாது. மாற்று ஈரலுக்குப் பேச்சு நடக்கிறது, நடக்கும்போது நடக்கட்டும்.

லெட்சுமி அக்காவும் நானும் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். முட்டை சாப்பிட்டீர்களா என்று நான் கேட்பேன். கோழி வளர்க்கிறேன், கவலைப்படாதே என்பார். குடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஒருநாள் அழைத்தபோது மகன் எடுத்தான். அம்மா இறந்து பல நாளாகிறது என்றான். காலையில் உளறியிருக்கிறார், வாசலில் தடுமாறி விழுந்திருக்கிறார். மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டார் தூக்கிப் பாயில் படுக்க வைத்துவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். தெளிந்துவிடும் என்று. மகன் மாலையில் வந்து பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

அன்று அவர் குடித்திருந்தாரா என்று மகனுக்கே தெரியவில்லை. நானும் கேட்கவில்லை.

போன மாதம் வேலைக்குத் திரும்பினேன். முதலில் சின்ன வழக்குகளாகக் கொடுத்தார்கள். எல்லோரும் பிரியமாகத்தான் இருந்தார்கள். தேநீர் நேரத்தில் மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் வந்தார். அன்றைக்கு நடந்ததற்கு வருத்தப்படுவதாகச் சொன்னார். நல்ல மனிதர்.

"எங்களுக்குத் தெரியாது எஸ்தர். வியாதின்னு தெரிஞ்சிருந்தா உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருப்போம். குடிச்சிருக்கீங்கன்னு நெனச்சிட்டோம்" என்றார்.

அதற்கு நான் பரவாயில்லை என்று சொல்வேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கோப்பையை மேசையில் வைத்தேன்.

"குடிச்சிருந்தாலும் கூப்பிட்டிருக்கணும் சார்" என்றேன்.

அடுத்த வழக்குக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து உள்ளே போனேன்.